விதையும் வயலும்: ஜே. பி. எஸ். ஹால்டேனின் அறிவியல் வாழ்வு

 

டிசம்பர் நமக்கு நினைவேந்தல் மாதம். 6ஆம் நாள் பாபாசாகேப் அம்பேத்கரை நினைக்கிறோம். 24ஆம் நாள் பெரியாரை நினைக்கிறோம். 25ஆம் நாள், 1968இல் கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்ட 44 பேரை நினைக்கிறோம். இதே மாதத்தின் முதல் நாளில், 1964ஆம் ஆண்டு, புவனேசுவரத்தில் ஓர் அறிவியலாளர் இறந்துபோனார். அவர் பெயர் ஜான் பர்டன் சாண்டர்சன் ஹால்டேன். பரிணாம உயிரியலின் கணித அடித்தளத்தை இட்ட மூவரில் ஒருவர். ஆலைத் தொழிலாளியும் படித்துப் புரிந்துகொள்ளும்படி அறிவியல் எழுதியவர். இங்கிலாந்தில் பிறந்து இந்தியக் குடிமகனாக மறைந்தவர்.

ஒரு தலித் இலக்கிய அவையில் இவரைப் பற்றி ஏன் பேசவேண்டும்? நம்மைப் பிறப்பிலேயே தாழ்ந்தவர் என்று சொன்ன ஒவ்வொரு காலத்திலும் அதை ஏதோ ஓர் அறிவின் பேரால்தான் சொன்னார்கள். முன்பு சாத்திரம் என்றார்கள். பிறகு இரத்தம் என்றார்கள், பரம்பரை என்றார்கள். இன்று தகுதி என்கிறார்கள். சாத்திரத்துக்குப் பதில் சொல்ல நமக்கு அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கி ஒரு நீண்ட மரபு இருக்கிறது. பரம்பரை என்ற வாதத்துக்குப் பதில் தேடும்போது, பரம்பரையின் விதிகளைக் கணக்காக எழுதிய ஒருவரிடமே போய்ப் பார்ப்பது நல்லது. அவர் எழுதியதை நம் தஞ்சை வயல்களின் மொழியிலேயே விளங்கிக்கொள்ள முடியும். அதைத்தான் இந்த உரையில் செய்யப்போகிறோம்.

1892: ஓர் ஆண்டு, இரண்டு உலகங்கள்

ஹால்டேன் 1892 நவம்பர் 5ஆம் நாள் ஆக்ஸ்ஃபோர்டில் பிறந்தார். அந்த ஆண்டை நாம் வேறொரு காரணத்துக்காக அறிவோம். அதே 1892 செப்டம்பர் 30ஆம் நாள்தான் சென்னை மாகாண அரசு, செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீர் பறையர் மக்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கையைத் தொடர்ந்து, பஞ்சமி நிலங்களுக்கு வழிசெய்த ஆணையைப் பிறப்பித்தது. நிலம் இல்லாமல், குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல் இருந்த மக்களுக்கு நிலம் கொடுக்கவேண்டும் என்று ஓர் அரசு தாளில் ஒப்புக்கொண்ட ஆண்டு அது. அம்பேத்கர் அப்போது ஒரு வயதுக் குழந்தை.

ஹால்டேன் பிறந்த வீட்டில் ஆய்வுக்கூடம் இருந்தது. தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் புகழ்பெற்ற உடலியங்கியல் அறிஞர். நிலக்கரிச் சுரங்கங்களில் தொழிலாளர்களைக் கொல்லும் வாயுக்களை ஆராய்ந்தவர். மகன் சிறுவனாக இருந்தபோதே அவனைச் சுரங்கத்துக்குள் அழைத்துச் சென்றார். மேல்புறத்தில் மீத்தேன் வாயு நிறைந்திருந்த ஓரிடத்தில் அவனை எழுந்து நின்று ஷேக்ஸ்பியர் நாடகத்தில் வரும் மார்க் ஆண்டனியின் பேச்சை ஒப்பிக்கச் சொன்னார். சில வரிகளிலேயே சிறுவனுக்கு மூச்சுத் திணறிக் கால்கள் தளர்ந்தன. கீழே விழுந்ததும் மூச்சு திரும்பியது. அந்த வாயு காற்றைவிட இலேசானது, தரையோரம் காற்று நல்லதாக இருக்கும் என்பதை அவன் உடலாலேயே கற்றான்.

பிறகு ஈட்டன் பள்ளி, ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம். அங்கே கணிதத்திலும் கிரேக்க லத்தீன் இலக்கியங்களிலும் முதல் வகுப்பில் தேறினார். அறிவியலில் பட்டம் எதுவும் அவர் பெறவில்லை. பட்டம் இல்லாமலே அவர் கேம்பிரிட்ஜில் உயிர்வேதியியல் கற்பித்தார், 1932இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார், 1933இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பேராசிரியரானார்.

இங்கே நாம் ஒரு கணம் நிற்கவேண்டும். ஹால்டேனின் அறிவுக்கூர்மையைக் குறைத்துச் சொல்வது நம் நோக்கமல்ல. ஆனால் அதே 1892இல் மன்னார்குடிப் பக்கத்துப் பண்ணையாள் குடிசையில் ஒரு குழந்தை அதே கூர்மையோடு பிறந்திருந்தால் அதற்கு என்ன நடந்திருக்கும்? நடக்கத் தொடங்கியதும் மிராசுதாரின் மாட்டை மேய்த்திருக்கும். பத்து வயதில் நாற்றுக்கட்டு சுமந்திருக்கும். தகப்பன் வாங்கிய கடனுக்காகத் தானும் பண்ணையில் அடைபட்டிருக்கும். பண்ணையாள்களைக் கேள்விமுறையின்றி வெளியேற்றுவதைத் தடுக்கும் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமே 1952இல்தான் வந்தது. அதுவும் விவசாயச் சங்கம் சாணிப்பாலுக்கும் சவுக்கடிக்கும் எதிராக ஆண்டுக்கணக்கில் போராடிய பிறகு வந்தது. ஆக, ஒருவருக்குப் பரம்பரையாகக் கிடைப்பதில் இரண்டு வகை உண்டு. உடலில் இருப்பது ஒன்று, வீட்டில் இருப்பது மற்றொன்று. ஹால்டேனின் ஆய்வு வாழ்க்கை முழுவதும் இந்த இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது என்ற கேள்வியைச் சுற்றியே போனது.

களையும் கணக்கும்

டார்வின் 1859இல் இயற்கைத் தேர்வை விளக்கினார். மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட பரம்பரை விதிகள் 1900இல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்தன. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துமா என்று அறிஞர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாதாடினார்கள். பொருந்தும் என்பதைக் கணிதத்தால் காட்டியவர்கள் ரொனால்டு ஃபிஷர், சீவல் ரைட், ஹால்டேன் ஆகிய மூவர். 1924 முதல் 1934 வரை ஹால்டேன் வரிசையாகப் பத்துக் கட்டுரைகள் எழுதினார். 1932இல் அவற்றின் சாரத்தைப் ‘பரிணாமத்தின் காரணங்கள்’ என்ற நூலாகத் தந்தார்.

அவர் செய்ததை நம் வயலில் வைத்துப் பார்க்கலாம். நடவு முடிந்த வயலில் பெண்கள் களை எடுக்கிறார்கள். நெல்லுக்கு வேறாகத் தெரியும் புல்லெல்லாம் பிடுங்கி எறியப்படுகிறது. குதிரைவாலிப் புல்லில் சில செடிகள் தற்செயலாக நெல்லைப் போலவே நிமிர்ந்து, அதே நிறத்தில், அதே வளர்த்தியில் நிற்கின்றன. அவை கைக்குத் தப்புகின்றன, விதை உதிர்க்கின்றன. தலைமுறை தலைமுறையாக இப்படி நடந்ததால், பூக்கும்வரை நெல்லிலிருந்து பிரித்தறிய முடியாத குதிரைவாலிப் புல் ஆசிய நெல்வயல்களில் உருவாகிவிட்டது. அந்தப் புல்லுக்கு எந்தத் திட்டமும் இல்லை. களை எடுத்த பெண்களின் கண்ணும் கையுமே அதைச் செதுக்கின. பரிணாமம் என்பது எங்கோ நடந்து முடிந்த பழங்கதை என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லவேண்டும். நம் தாய்மார்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அதை நடத்திவந்திருக்கிறார்கள்.

இதில் ஹால்டேன் கேட்ட கேள்வி: எவ்வளவு வேகத்தில்? ஆயிரத்தில் ஒரு செடிக்குத்தான் அந்த நெல் தோற்றம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தோற்றம் ஒவ்வொரு தலைமுறையிலும் நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் மட்டும் கூடுதல் விதை தருகிறது. அது கூட்டத்தில் பாதியாகப் பெருக எளிய கணக்கில் சுமார் 700 தலைமுறை ஆகும். அனுகூலம் நூற்றுக்குப் பத்து என்றால் சுமார் 72 தலைமுறை போதும். கண்ணுக்குத் தெரியாத சிறு வேறுபாடும் காலம் கொடுத்தால் ஓர் உயிரினத்தையே மாற்றிவிடும் என்பதற்கு இதுதான் நிரூபணம். இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் கரிபடிந்த மரங்களில் கறுத்த அந்துப்பூச்சிகள் பெருகியதை வைத்து அவர் 1924இல் இப்படி ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார். அங்கே கறுப்பு நிறத்துக்கு இருந்த அனுகூலம் நூற்றுக்கு ஐம்பது அளவில் இருந்திருக்கவேண்டும் என்று கண்டார்.

1949இல் அவர் சொன்ன இன்னொரு கருத்து நம் கேள்விக்கு இன்னும் நெருக்கமானது. மத்தியதரைக் கடல் ஓரத்தில் தாலசீமியா என்ற இரத்த நோயின் மரபணு ஏன் இவ்வளவு பரவியிருக்கிறது? பெற்றோர் இருவரிடமிருந்தும் அதைப் பெறும் குழந்தை கடும் நோய்க்கு ஆளாகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் பெறும் குழந்தைக்கோ மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பு கிடைக்கலாம் என்றார் ஹால்டேன். ஆப்பிரிக்காவில் அரிவாள் வடிவச் சிவப்பணு விஷயத்தில் பின்னால் நடந்த ஆய்வுகள் இந்த வழியை உறுதிசெய்தன. 1952இல் நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடமும் அதே அரிவாள் அணு மரபு கண்டறியப்பட்டது. ஒரு மரபணு நல்லதா கெட்டதா என்று தனியே கேட்டால் பதில் கிடையாது. கொசு இருக்கும் ஊரில் கேட்டால் ஒரு பதில், கொசு இல்லாத ஊரில் கேட்டால் வேறு பதில்.

தொழிலாளிக்கு எழுதியவர்

ஆய்வுக் கட்டுரைகளோடு ஹால்டேன் நின்றிருந்தால் நூறு பேர்தான் அவரை அறிந்திருப்பார்கள். 1937 முதல் 1950 வரை அவர் இங்கிலாந்துப் பொதுவுடைமைக் கட்சியின் ‘டெய்லி ஒர்க்கர்’ நாளிதழில் 300-க்கும் மேற்பட்ட அறிவியல் கட்டுரைகள் எழுதினார். உணவு, உறக்கம், சுரங்க வாயு, தொழிற்சாலை நோய், விண்மீன், மீன் என்று எதையும் விடவில்லை. தொழிலாளிக்குத் தெரிந்த ஒன்றிலிருந்து தொடங்குவார், தெரியாத ஒன்றில் கொண்டுபோய் விடுவார். எளிமை என்ற பேரில் பொய் கலக்கமாட்டார். அதற்கும் முன்பு, 1926இல் உயிர்களின் உருவ அளவைப் பற்றி அவர் எழுதிய சிறு கட்டுரையை இன்றும் மாணவர்கள் படிக்கிறார்கள். சுண்டெலி ஆழ்சுரங்கத்தில் விழுந்தாலும் பிழைக்கிறது, மனிதன் பிழைப்பதில்லை. ஏனென்றால் உருவம் பெருக்கும்போது எடை பெருகும் அளவுக்கு மேற்பரப்பு பெருகுவதில்லை. இந்த ஒரு கணக்கை வைத்து யானையின் கால் ஏன் தூண்போல் இருக்கிறது என்பது வரை சொல்லிவிடுவார்.

இதே காலத்தில் தமிழில் இந்தப் பணியைச் செய்தவர் சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர். மீனவக் குடும்பத்தில் பிறந்து வழக்குரைஞரானவர். 1923இல் சென்னைக் கடற்கரையில் மே நாள் கொண்டாடியவர். 1930களில் ‘குடி அரசு’ இதழில் பரிணாமம், வானியல், மனித உடல் பற்றியெல்லாம் தொடர்ந்து எழுதினார். கடவுள் படைத்த நான்கு வருணம் என்ற கதைக்கு எதிராக டார்வினைத் தமிழனுக்கு அறிமுகம் செய்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. லண்டனில் ஆலைத் தொழிலாளிக்காக ஒருவர், சென்னையில் தமிழ் படிக்கத் தெரிந்த உழைப்பாளிக்காக ஒருவர். அறிவியல் எழுத்தை இலக்கியத்துக்கு வெளியே வைக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. இந்த இருவரையும் படித்தால் அந்த வழக்கம் தவறு என்று புரியும்.

தூய்மை என்னும் கணக்கு

1907இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் ‘தகுதியற்றவர்’ என்று கருதப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. பிற மாநிலங்கள் தொடர்ந்தன. 1933இல் ஹிட்லரின் ஜெர்மனியும் சட்டம் இயற்றியது. மனித இனத்தை மேம்படுத்துகிறோம் என்று சொன்ன இந்தக் கொள்கைக்கு யூஜெனிக்ஸ் என்று பெயர். பெரிய அறிவியலாளர்கள் பலர் இதற்கு ஆதரவாக இருந்தார்கள். ஹால்டேன் 1938இல் ‘பரம்பரையும் அரசியலும்’ என்ற நூலில் இதன் அடித்தளத்தைச் சோதித்தார்.

அந்தச் சோதனையின் வழியை நாமே போட்டுப் பார்க்கலாம். தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே வெளிப்படும் ஒரு நோய் 10,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. அப்படியானால் நோய் இல்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர்கள் எத்தனை பேர்? 50 பேரில் ஒருவர், அதாவது 10,000 பேரில் சுமார் 200 பேர். நோயுள்ள அந்த ஒருவரைக் குழந்தை பெறாமல் தடுத்தாலும் இந்த 200 பேர் அதைக் கொண்டுசெல்வார்கள். இப்படித் தடுத்துக்கொண்டே போனால் அந்த மரபணுவின் அளவு பாதியாகக் குறைய 100 தலைமுறை ஆகும். கிட்டத்தட்ட 2,500 ஆண்டுகள். ஒதுக்கி வைத்துத் தூய்மை செய்யும் திட்டம் கொடுமையானது என்பது ஒரு பக்கம். அது சொன்ன வேலையையும் செய்யாது என்பது மறுபக்கம்.

நம் நாட்டில் இந்தத் திட்டத்தை மனு எப்போதோ தொடங்கிவிட்டார், சாதி என்பதே ஒரு யூஜெனிக்ஸ் ஏற்பாடுதான் என்று பெருமை பேசியவர்கள் இருந்தார்கள். அதற்கு அம்பேத்கர் 1936இலேயே பதில் எழுதினார். லாகூரில் ஆற்றவேண்டிய உரை அது. அழைத்தவர்களே கூட்டத்தைக் கைவிட்டதால் ‘சாதி ஒழிப்பு’ என்று சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். ஆற்றப்படாமல் அச்சில் மட்டும் வாழும் அந்தப் பேருரையில், சாதி என்பது இனப் பிரிவு அல்ல, சென்னையின் பார்ப்பனரும் சென்னையின் பறையரும் ஒரே இனவழியைச் சேர்ந்தவர்கள் என்று வாதிடுகிறார். உயர்ந்த மனத்திறன்கள் ஒரே வழியில் பரம்பரையாக இறங்குவதாகக் காட்ட எதுவும் இல்லை என்பதற்கு அவர் மரபியலாளர் வில்லியம் பேட்சனின் நூலைச் சான்று காட்டுகிறார். அந்தப் பேட்சன் இயக்குநராக இருந்த ஜான் இன்னஸ் தோட்டக்கலை நிறுவனத்தில்தான், அவர் மறைந்த மறு ஆண்டு 1927இல், ஹால்டேன் மரபியல் ஆய்வுக்குச் சேர்ந்தார். ஒருவர் சாதியை உடைக்க அறிவியலைத் தேடிப் போனார். இன்னொருவர் அதே அறிவியலை உள்ளிருந்து வளர்த்தார். இருவரும் வந்து சேர்ந்த இடம் ஒன்று.

1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில், சாதியின் உயிர்நாடி அகமணமே என்று அம்பேத்கர் சொல்லியிருந்தார். மரபியல் இன்று அதற்குச் சான்று தருகிறது. ஐதராபாத்தின் குமாரசாமி தங்கராஜ், லால்ஜி சிங் ஆகியோரும் அமெரிக்காவின் டேவிட் ரெய்க் குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, சுமார் 4,200 ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 1,900 ஆண்டுகளுக்கு முன்பு வரை இந்தியாவின் மக்கள் பரவலாகக் கலந்தார்கள். அதன் பிறகு கலப்பு அடைபட்டது. கலப்பின் விகிதம் குழுவுக்குக் குழு மாறுகிறது. ஆனால் கலப்பே இல்லாத சாதி என்று ஒன்று இல்லை. 2017இல் வந்த மற்றோர் ஆய்வு, தெற்காசியாவின் 263 குழுக்களில் 81 குழுக்கள் மிகக் குறுகிய முன்னோர் கூட்டத்திலிருந்து பெருகியவை என்றும், அதனால் குறிப்பிட்ட பரம்பரை நோய்கள் அவற்றில் மிகக்கூடும் என்றும் காட்டியது. சாதி தூய்மையைத் தரவில்லை, நோயைத் தேக்கிவைத்தது.

இதில் நம் வீட்டையும் சேர்த்துப் பார்ப்பது நேர்மை. மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று கட்டிக்கொள்ளும் வழக்கம் சேரியிலும் உண்டு, ஊரிலும் உண்டு. 10,000-க்கு ஒன்று என்ற மேற்படி நோய், மாமன் அத்தை மக்கள் மணந்தால் 10,000-க்குச் சுமார் 7 ஆகிறது. தாய்மாமன் அக்காள் மகளை மணந்தால் சுமார் 13 ஆகிறது. ஹால்டேன் இந்தியா வந்த பிறகு அவருடைய மாணவர் கிருஷ்ண துரோணம்ராஜு ஆந்திரத்தில் இத்தகைய திருமணங்களைக் கணக்கெடுத்தார். சாதி மறுப்புத் திருமணத்துக்கு நாம் சொல்லும் காரணங்களில் சமத்துவம் முதலாவது. குழந்தைகளின் உடல்நலமும் அந்த வரிசையில் சேரும்.

ஒரே விதை, இரண்டு வயல்

இனி இந்த உரையின் மையத்துக்கு வருகிறோம். மனிதர்கள் எல்லோரும் பிறவித் திறனில் ஒன்றுபோல் இருக்கிறார்கள் என்று ஹால்டேன் சொல்லவில்லை. 1932இல் வந்த அவருடைய நூல் ஒன்றின் தலைப்பே ‘மனிதரின் ஏற்றத்தாழ்வு’. மனிதருக்குள் பிறவி வேறுபாடு உண்டு என்பதை ஏற்றுக்கொண்டே, அதை வைத்துச் சாதியையோ இனத்தையோ வரிசைப்படுத்த முடியாது என்று காட்டியதுதான் அவர் வாதத்தின் வலிமை.

1946இல் பிறவியும் சூழலும் பற்றி அவர் எழுதிய கட்டுரை இதைக் கணிதமாக்குகிறது. நாம் அதை நெல்லால் சொல்வோம். ஒட்டடான் என்பது டெல்டாவின் பள்ளக்கால் பகுதிகளுக்குரிய பழைய நெல். உயரமாக வளரும், ஆறு மாதத்துக்கு மேல் வயலில் நிற்கும். இன்னொரு விதை, குட்டையான புதிய ரகம். இரண்டையும் இரண்டு வயலில் போடுகிறோம். ஒரு வயல் மேட்டுப்பாங்கு, அளவாகத் தண்ணீர், உரம் தாராளம். அங்கே குட்டை ரகம் கண்டுமுதலில் முந்துகிறது. ஒட்டடான் உரத்தைத் தின்று உயர்ந்து சாய்ந்துவிடுகிறது. மற்றொரு வயல் ஐப்பசி வெள்ளம் இடுப்பளவு நிற்கும் பள்ளம். அங்கே குட்டை ரகம் மூழ்கி அழுகுகிறது, ஒட்டடான் தலைநிமிர்ந்து நிற்கிறது. எது உயர்ந்த விதை? வயலைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. இரண்டு விதை, இரண்டு சூழல் என்றாலே பலவகை முடிவுகள் வரமுடியும் என்று ஹால்டேன் வகைப்படுத்திக் காட்டினார். விதைகளும் சூழல்களும் கூடக்கூட அந்த வகைகள் எண்ணி மாளாதவையாகின்றன.

இதிலிருந்து இன்னொன்றும் விளங்கும். ஒரே கோட்டையிலிருந்து எடுத்த ஒரே விதையை, ஒரு பிடி வாய்க்கால் தலைமாட்டு வயலிலும் மறுபிடி தண்ணீர் எட்டாத கடைமடையிலும் போட்டால் விளைச்சல் மாறும். அந்த வேறுபாட்டில் விதைக்குப் பங்கே கிடையாது. தலைமாட்டுக்காரர் தன் விதை உயர்ந்தது என்று சொன்னால் கடைமடை விவசாயி சிரிப்பார். ஆனால் பள்ளிக்கூடத்தில், வேலை வாய்ப்பில், தேர்வு மதிப்பெண்ணில் அதே வாதம் வரும்போது யாரும் சிரிப்பதில்லை. தகுதி என்று அதற்குப் பெயர் வைத்து மதிக்கிறார்கள். இட ஒதுக்கீட்டை நாம் கேட்பது கடைமடைக்குத் தண்ணீர் கேட்பது போன்றது. விதையைக் குறைசொல்லும் உரிமை, வயல் இரண்டும் சமமான பிறகுதான் யாருக்கும் வரும்.

இந்தியாவில் ஏழு ஆண்டுகள்

முதல் உலகப் போரில் காயம்பட்டு ஓய்வுக்காக இந்தியா வந்தபோது, இந்தியர்களோடு சமமாகப் பழக முடிகிற காலத்தில்தான் இங்கே திரும்பி வருவது என்று ஹால்டேன் முடிவெடுத்தார். 1957இல், சூயஸ் படையெடுப்பு நடத்திய இங்கிலாந்தைக் கண்டித்துவிட்டு, மனைவியும் உயிரியலாளருமான ஹெலன் ஸ்பர்வேயுடன் கல்கத்தா வந்தார். மகலனோபிசின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே மனக்கசப்பு ஏற்பட்டு 1961இல் விலகினார். 1962இல் ஒரிசா அரசின் ஆதரவோடு புவனேசுவரத்தில் மரபியல் ஆய்வுக்கூடம் அமைத்தார்.

விலையுயர்ந்த கருவி இல்லை என்று கைகட்டி நிற்காதீர்கள், எண்ணுங்கள், அளந்து பாருங்கள் என்பது அவர் மாணவர்களுக்குக் கொடுத்த பாடம். சுபோத் குமார் ராய் பவழமல்லிப் பூக்களின் இதழ்களை எண்ணினார். துரோணம்ராஜு உண்ணிப்பூவில் எந்த நிறத்தை எந்த வண்ணத்துப்பூச்சி நாடுகிறது என்று பார்த்தார். டி. ஏ. டேவிஸ் தென்னை மரங்களை ஆராய்ந்தார். தென்னையின் மட்டைகள் சில மரங்களில் இடமாகவும் சில மரங்களில் வலமாகவும் சுழன்று ஏறுகின்றன. பார்த்தவுடன் இது பரம்பரை என்றுதான் தோன்றும். டேவிஸ் தாய் மரங்களையும் அவற்றின் கன்றுகளையும் எண்ணிப் பார்த்து, இது பரம்பரையாக வருவதில்லை என்று 1962இல் காட்டினார். நம் கொல்லையில் நிற்கும் தென்னை சொல்லும் செய்தி இது: பிறவியிலேயே தெரிகிற வேறுபாடெல்லாம் பரம்பரை அல்ல.

ராய் இன்னொரு வேலையும் செய்தார். இரண்டு நெல் ரகங்களை ஒரே நிலத்தில் கலந்து நட்டால் தனித்தனியே நட்டதைவிட விளைச்சல் கூடுமா என்று சோதித்தார். சில இணைகளில் கூடியது. 1960இல் வெளிவந்த இந்த ஆய்வை ஹால்டேன் மிகவும் மதித்தார். தஞ்சையின் மூத்த உழவர்களுக்கு இது புதிதல்ல. குறுவை நெல்லையும் ஒட்டடானையும் ஒன்றாகக் கலந்து விதைக்கும் ‘உடு’ சாகுபடி இங்கே வழக்கத்தில் இருந்தது. குறுவை முதலில் அறுவடையாகும். அதன் தாளோடு அறுபட்ட ஒட்டடான் மறுபடி தழைத்து, வெள்ளத்தையும் தாங்கி, தை மாசி வாக்கில் கதிர் தரும். ஒன்று பொய்த்தாலும் மற்றொன்று சோறு போடும். இந்த அறிவு யாருடைய கையில் இருந்தது? விதைத்து, நட்டு, களை பறித்து, அறுத்தவர்கள் கையில் இருந்தது. அவர்கள் பெயர் எந்த ஆய்விதழிலும் வரவில்லை.

குறையும் சொல்லவேண்டும்

ஒருவரைப் போற்றும்போது அவருடைய சறுக்கலை மறைப்பது நம் அவையின் வழக்கமல்ல. சோவியத் நாட்டில் லைசென்கோ என்பவர் மரபியலையே முதலாளித்துவப் பொய் என்று சொல்லி அரசின் துணையோடு அடக்கினார். உலகெங்கும் விதை சேகரித்த வவிலோவ் 1943இல் சிறையில் மடிந்தார். 1948இல் மரபியல் அங்கே முற்றாகத் தடைபட்டபோது, உண்மை தெரிந்த ஹால்டேன் கட்சிப் பற்றினால் வெளிப்படையாகக் கண்டிக்கத் தயங்கினார். நண்பர்கள் பலர் அதை மன்னிக்கவில்லை. இந்தியாவில் அவர் இந்து மரபின் கொல்லாமையை வியந்து எழுதினார். அந்த மரபு மனிதர்களுக்கு என்ன செய்தது என்பதைச் சேரியிலிருந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்கு இல்லை. அதைப் பார்த்து எழுதியவர் அம்பேத்கர். ஆகவே ஹால்டேனை நாம் தலைவராக ஏற்கவேண்டியதில்லை. அவருடைய கணக்கை ஏற்றால் போதும், ஏனென்றால் அதை யார் வேண்டுமானாலும் திரும்பப் போட்டுச் சரிபார்க்க முடியும்.

நமக்கு அது எதற்கு

1960களில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஜப்பானிய நெல்லையும் நம் நாட்டு நெல்லையும் கலந்து உருவாக்கிய ஏடிடி-27 தஞ்சை முழுவதும் பரவியது. விதையில் கலப்பை மிராசுதார்கள் வரவேற்றார்கள். அந்தக் கலப்பால் விளைச்சல் பெருகியபோது அறுத்தவர்கள் கூலியில் கொஞ்சம் நெல் கூடுதலாகக் கேட்டார்கள். அந்தக் கோரிக்கையும் சங்கமும் சேர்ந்த பகையில்தான் வெண்மணி எரிந்தது. 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட நில உடைமையாளர்களை விடுதலை செய்தது. இவ்வளவு சொத்துள்ள பெரிய மனிதர்கள் தாங்களே நேரில் நடந்துபோய் இப்படிச் செய்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்ற கருத்து அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றது. பெரிய வீட்டுப் பிறப்பு நல்ல குணத்துக்குச் சாட்சி ஆனது. பிறப்பை வைத்து மனிதரை வரிசைப்படுத்தும் எண்ணம் வெறும் எண்ணமாக நிற்பதில்லை. கூலியை அது தீர்மானிக்கிறது, தீர்ப்பையும் தீர்மானிக்கிறது.

அதனால்தான் இந்த எண்ணத்தை அதன் வேரிலேயே எதிர்கொள்ள நாம் அறிவியலையும் கற்கவேண்டும் என்கிறோம். நம் பிள்ளைகள் மரபியலைத் தேர்வுக்கு மட்டும் படித்தால் போதாது. இரத்தம், பரம்பரை, ஜீன் என்ற சொற்களை யாராவது அவர்கள் முகத்தில் வீசும்போது, எந்த வயல், எவ்வளவு தண்ணீர் என்று திருப்பிக் கேட்கத் தெரியவேண்டும். அதற்கான நூல்கள் தமிழில் வேண்டும். சிங்காரவேலர் தொடங்கிய வேலை பாதியில் நிற்கிறது. இந்த அவையில் இருக்கும் இளைய எழுத்தாளர்கள் கவிதைக்கும் கதைக்கும் கொடுக்கும் உழைப்பில் ஒரு பங்கை அதற்குக் கொடுக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

ஹால்டேன் புற்றுநோயால் இறந்தார். மருத்துவமனையில் இருந்தபடியே தன் நோயைக் கேலிசெய்து ஒரு கவிதை எழுதி வெளியிட்டார். அறிகுறி தெரிந்தவுடன் மருத்துவரிடம் போங்கள் என்று மற்றவர்களுக்குச் சொல்வதற்காக. உயிலில் எழுதியிருந்தபடி அவர் உடல் காக்கிநாடா ரங்கராயா மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டது. நம் டெல்டா கிராமங்கள் பலவற்றில் இன்றும் ஊருக்கு ஒரு சுடுகாடு, சேரிக்கு ஒரு சுடுகாடு. சேரிப் பிணம் போகும் பாதைக்காக வழக்கு நடக்கிறது. மாணவர்களின் மேசைமேல் கிடந்த அந்த உடலில் எலும்பும் தசையும் நரம்பும் இருந்தன. எந்த உடலிலும் இருப்பவை அவைதான் என்று அந்த மாணவர்கள் கற்றிருப்பார்கள். நாமும் அதையேதான் இத்தனை காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.